தொட்டி மூடியில் சிவப்புத் தேதி

14-2-1999, ஞாயிறு

எங்கள் மீன்தொட்டிக்குக் கடைசியில் பவழம் வந்துவிட்டது. மதராஸிலிருந்து விமானத்தில், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில். மூன்று துண்டுகள், காளான் மாதிரி தட்டையாக, மெத்தென்று இருக்கின்றன. வண்ணமீன் கடையிலிருந்து டில்லி கிட்வாய் நகர் வீட்டுக்கு வரும்வரை ராஜகோபால் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"தண்ணி, உப்பு, மீனெல்லாம் நான் பாத்துக்கறேன். லைட் மட்டும் நீ பாத்துக்கோ, வைதேஹி."

இருபது வருஷக் கல்யாணத்தில் இவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம். என் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிகளுக்கு ஒரு நாளும் முகம் சுளிக்காத மனுஷர். கேட்டதும் கேட்டார், சரியான ஆளிடம் கேட்டார். பதினேழு வருஷமாக அரசாங்கக் கட்டடங்களுக்கு வெளிச்சம் போடும் ஜூனியர் இஞ்சினியர் நான். என் வெளிச்சத்தை எந்தக் கொம்பனும் குறை சொன்னதில்லை.

தொட்டி மூடியில் நான்கு வெள்ளை ட்யூப் மாட்டினேன். வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். மந்திரி அறையைவிட அதிகம். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி மூடியில் சிவப்புப் பெயின்டால் எழுதினேன்: வை. 14-2-99. யார், என்றைக்கு மாட்டியது என்று தெரிய வேண்டும். கெட்டுப்போனால் கேட்பதற்கும் ஆள் வேண்டுமே.

3-3-1999

பவழம் சுருங்குகிறது. கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. வெளிச்சம் போதவில்லை போல. இன்னும் இரண்டு ட்யூப் சேர்த்தேன். மீட்டர் முள் எகிறுகிறது.

21-3-1999, ஞாயிறு

ஒன்று போய்விட்டது. வெளுத்து, கரைந்து, சளி மாதிரி. அவர் அதை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துப்போனார்.

மீன் கடைக்குப் போனேன். "நீலா ட்யூப் லகாயியே, மேடம்ஜி" என்றார் கடைக்காரர், நீல ட்யூப் போடச் சொல்லி. அவர் எரியவிட்ட நீல ட்யூபுக்கு அடியில் மீட்டரைப் பிடித்தேன். என்னுடையதில் கால்வாசிகூட இல்லை. இவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்! இதில் பேப்பர்கூடப் படிக்க முடியாதே பாய்சாப் என்று ஹிந்தியில் விட்டேன் ஒரு டோஸ்.

"டாங்க் மே பேப்பர் கௌன் படேகா, மேடம்ஜி?"

தொட்டிக்குள்ளே பேப்பர் யார் படிப்பார்கள் என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

23-3-1999

இரண்டாவதும் போயிற்று.

"ஒண்ணுதான் பாக்கி. அதுவும் போயிடுத்துன்னா தொட்டியைக் காலி பண்ணிடலாம். உன் மேல தப்பில்ல" என்றார் ராஜகோபால். திட்டியிருந்தால் தேவலை.

24-3-1999

ஆபீஸில் கை ஓடவில்லை. பேப்பர் யார் படிப்பார்கள், பேப்பர் யார் படிப்பார்கள் - காதிலேயே நின்றது. பீரோவிலிருந்து மீட்டருடன் வந்த கையேட்டை எடுத்தேன். உறையே பிரிக்கவில்லை. நாலாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்: இந்த மீட்டர் மனிதக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை மட்டும் அளக்கும், நீலத்தை மிகக் குறைவாகவே கணக்கில் எடுக்கும்.

பதினேழு வருஷம்! ஒரு நாள் பிரித்துப் பார்த்தேனா? கடலுக்குள்ளே நீலம்தானே இறங்கும், அது எனக்குத் தெரியாதா? அந்தக் காளானுக்குக் கண் எங்கே இருக்கு? மேஜை போட்டு ஃபைல் பார்க்கிற குமாஸ்தான்னு நெனச்சேனா அதை?

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "ரெண்டையும் நான்தான் கொன்னேன். கண் கூசற வெளிச்சத்துல வாட்டிட்டேன்."

கண்ணாடிப் பாசியை விரலால் வழித்துக்கொண்டே கேட்டார்: "சரி, இப்போ என்ன பண்ணணும், சொல்லு."

28-3-1999, ஞாயிறு

ஆறு ட்யூபில் ஐந்தைக் கழற்றினேன். மிச்சமிருந்த ஒரு வெள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு நீலம். மூடியை ஒரு சாண் உயர்த்தினேன். மீட்டரை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. தேதி எழுதவில்லை. எழுதுகிற மூஞ்சியா இது?

11-4-1999

மாற்றமில்லை. ஆனால் வெளுக்கவும் இல்லை.

2-5-1999, ஞாயிறு

விரிந்திருக்கிறது. முழுசாக, சின்ன அப்பளம் அளவுக்கு. நீல வெளிச்சத்தில் ஓரமெல்லாம் பச்சையாக ஒளிர்கிறது. அவரைக் குளியலறையிலிருந்து கூப்பிட்டேன். தலையில் சோப்போடு வந்து பார்த்தார்.

6-6-1999, ஞாயிறு

பவழத்தின் அடியில் இரண்டு குட்டிகள், பட்டாணி அளவில். கூலர் ஓட ஓட வேர்க்கிற இந்த வெயிலிலும் மீன் கடைக்காரர் நேரில் பார்க்க வந்தார். அவர் பவழம் விற்ற மற்ற வீடுகளில் ஒன்றுகூடத் தங்கவில்லையாம். ராஜகோபால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "லைட்டிங் சப் மேடம் கா காம் ஹை" என்றார். வெளிச்சம் முழுக்க என் வேலையாம்! எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இருந்தாலும், நீலம் போடச் சொன்னது நீங்கள்தானே பாய்சாப் என்று கடைக்காரரிடம் சொன்னேன். சொல்ல முடிந்ததில் இன்னும் பெருமை.

அவர் போனதும் பெயின்டையும் பிளேடையும் எடுத்தேன். பழைய தேதியைச் சுரண்டப் போனபோது ராஜகோபால் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும். அதுவும் நீ போட்டதுதானே."

இருக்கட்டும் என்று விட்டேன். அதற்குக் கீழே எழுதினேன்: வை. 28-3-99.

பெயின்ட் காய்வதற்குள் தொட்டுப் பார்த்து, விரலெல்லாம் சிவப்போடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.