குப்பியில் உன் பெயர் இல்லை

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் மேசையைத் துடைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினேன். விரலெல்லாம் அதே ப்ளீச் வாசனை. "இந்த மணம் எங்கட சோத்துக்குள்ளயும் வந்திட்டுது" என்று நீ மூக்கைச் சுருக்குவாய். நேற்று வரை அந்த வாசனை வந்தால் உன் ஞாபகம் வரும். இன்று மறுபடி மறுபடி சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

நேற்று பென்டில் ஹில் என்ற புறநகரிலிருந்து உன் ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். ஊரில், போர்க்காலத்தில் உன் தம்பி காணாமல் போன இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புதைகுழியைத் தோண்டுகிறார்களாம். சொந்தக்காரர்களிடம் மரபணு மாதிரி கேட்கப் போகிறார்களாம். "அவ தன்ர மாதிரி உங்கட லாபில கிடக்கெண்டு சொன்னவ. பத்திரமாத்தானே இருக்கு?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்க்கத் தேவையே இல்லை. அவர் கேட்ட நொடியில்தான் எனக்கு உறைத்தது. உன் மாதிரி இருந்த அந்தக் குப்பி இப்போது இல்லை. அதைத் தூக்கிப் போட்டவள் நான்.

பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். ரோமப் பேரரசு உடைந்த பிறகு ஐரோப்பாவில் யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று பார்க்கிற வேலை. பழைய இடுகாடுகளின் எலும்புகள் பெட்டி பெட்டியாக மெல்பர்னுக்கு வரும். மதுரைக்காரி நான், காதுக்குள் கல் போல இருக்கும் எலும்பைத் துளைத்துத் தூள் எடுப்பேன். நீ பற்களைப் பார்ப்பாய். சிறுவயதில் குடித்த தண்ணீர் பல்லில் பதிந்து, வளர்ந்த ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். "அகதி விசாவுக்கு என்னை எத்தினை கேள்வி கேட்டவங்கள். ஒரு பல்லைக் கழட்டிக் குடுத்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரிப்பாய்.

ஒரு நாள் ஒரு முடிவு வந்தது. அடுத்தடுத்த குழிகளில் கிடந்த ஒரு பெண்ணும் ஒரு பையனும் கூடப்பிறந்தவர்கள். இருவர் பல்லிலும் ஒரே அயல்நாட்டுத் தண்ணீர். ஒன்றாக வந்து, ஒரே மண்ணில் போயிருக்கிறார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நீ மட்டும் எழுந்து வெளியே போனாய்.

சரிபார்ப்பதற்காக அந்தப் பெண்ணின் எலும்பில் மறுபடி தூள் எடுத்தோம். இந்தத் தடவை அதில் நம் நாட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் மரபணுவும் கலந்திருந்தது. இப்படி ஏதாவது நடந்தால் கண்டுபிடிக்கத்தான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற எல்லோருடைய மாதிரியையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால், நீ. "நீயும் ஆறாம் நூற்றாண்டு ஆளுதான்டி" என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

"முகமூடியைக் கழட்டிப்போட்டு அவளோட கதைச்சனான்" என்றாய்.

"எலும்போடயா? என்னடி பேசின?"

"உன்ர தம்பி பக்கத்திலதான் கிடக்கிறான் எண்டு சொன்னனான். ஆராவது சொல்லவேணுமெல்லோ."

அன்றுதான் என் கையைப் பிடித்துக் கேட்டாய். "என்ர குப்பியை எறிய விடாதை. இரத்த உறவெண்டு நான் ஒருத்திதான் மிச்சம். ஊரில எப்பவாவது கிண்டினால் அதைக் குடு." ஆமா, நான் பாத்துக்கறேன் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

போன குளிர்காலத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. வழக்கப்படி எரித்தோம். தீயில் வெந்த எலும்பு எதையும் சொல்லாது என்று உனக்குத் தெரியும், அதனால்தான் குப்பியை நம்பியிருந்தாய். ரோவில் பகுதியில் நீ இருந்த வாடகை வீட்டை நானே ப்ளீச் போட்டுத் துடைத்துச் சாவியைக் கொடுத்தேன். உன் முடி சிக்கிய சீப்பும் பல் துலக்கும் பிரஷும் குப்பைப் பையில் போயின.

மூன்று மாதம் கழித்து, வேலையில் இல்லாதவர்களின் மாதிரிகளை அழிக்கச் சொல்லும் வழக்கமான பட்டியல் வந்தது. ஃப்ரீஸர் என் பொறுப்பு. அந்தரங்கம் என்று ஊழியர்களின் குப்பிகளில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிக்கொண்டிருந்தது. எண்களைச் சரிபார்த்துக் குப்பிகளைப் போட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த அவற்றின் மரபணு விவரங்களையும் அழித்துக் கையெழுத்து வைத்தேன். அதில் ஒன்று நீ என்று தோன்றவே இல்லை. பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கு உறவு கண்டுபிடித்துக் கொடுத்த கை இது.

ஒன்று மட்டும் அழியாமல் கிடக்கிறது. நீ கலந்து கெட்டுப்போன அந்த முடிவு. அந்தப் பெண்ணின் எண்ணுக்குக் கீழே, "பயன்படாது" என்ற குறிப்போடு. இன்று மாலை வரை அதைத்தான் கிண்டிக்கொண்டிருந்தேன். அவளோடு கலந்து நீ துணுக்குத் துணுக்காக இருக்கிறாய். ஒரு தம்பியை அடையாளம் காட்ட அது போதாது. எப்படிப் பார்த்தாலும் போதவில்லை.

நாளை உன் ஊர்க்காரருக்குப் போன் செய்ய வேண்டும். என்ன வார்த்தையில் சொல்வேன் என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

அவர்கள் தோண்டி எடுக்கும் எலும்புகளில் உன் தம்பியும் இருக்கலாம். ஒப்பிட உன் மாதிரி இல்லாமல் அவனும் ஓர் எண்ணாகப் பெட்டிக்குள் போவான். "உன் அக்கா கடைசி வரை உன்னைத் தேடினாள்" என்று அவனிடம் ஆராவது சொல்லவேணுமெல்லோ. சொல்ல நான் இருக்கிறேன். எந்தப் பெட்டியைத் திறந்து சொல்வேன்?