முதுகுக்குப் பின்னால் ஒரு கை

14-2-38, திங்கள்

பெரிய வாத்தியார் கரும்பலகைக்குத்தான் படிப்பிக்கிறார். பிள்ளைகளுக்கு அல்ல. வாயில் வெற்றிலை, முகம் பலகைப் பக்கம், முதுகு பிள்ளைகளுக்கு. கோபத்தில் எழுதவில்லை. இந்தப் பள்ளிக்கு உதவி ஆசிரியையாக வந்து ஐந்து மாதம். ஒவ்வொரு நாளும் கண்டது.

காலையில் தூறல். பிறகு நல்ல வெயில். வட்டைகளில், ஊர் வயல்வெளிகளில், அறுவடை. வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள் பெற்றோருடன் வயல் வாடிக்குப் போய்விட்டதால் முன்னால் மர வாங்குகள் பாதி காலி. பின்னால் பன்பாய் மட்டும் நிறைந்து கிடந்தது. வாங்கு, நிலபுலம் உள்ள போடிமார் பிள்ளைகளுக்கு. பாய் தோணிக்காரர் பிள்ளைகளுக்கு. காலி வாங்கில் பாய்ப் பிள்ளைகளை இருத்தவா என்று கேட்டேன். வழக்கமில்லை என்றார் பெ.வா. (பெரிய வாத்தியார். ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுத எனக்கு மை இல்லை.)

பள்ளிகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி அடுத்த மாதம் மூன்றாம் திகதி சோதனைக்கு வருகிறார். பெ.வா. என் மூன்றாம் வகுப்பு வரவு இடாப்பை வாங்கி ஒரு பெயருக்கு நேரே சிவப்பு மையால் புள்ளி வைத்தார். தெய்வானை, மூத்ததம்பியின் மகள். வயது பத்து. பாயில் இருப்பவள். இரண்டு வருடமாக அதே வகுப்பு.

"இது தேறாத மண்டை. சோதினைக்கு முதல் பேர வெட்டிப்போடுவம்," என்றார். "வெட்டினாத் திரும்பச் சேர்க்க ஏலாது. நீங்க அதுக்கு அழப்படாது, தங்கச்சி."

அழுகிற ஆளா நான்.

வாங்க: சுண்ணக்கட்டி, மண்ணெண்ணெய், தையல் ஊசி.

15-2-38, செவ்வாய்

வெயில். மனக்கணக்கு. சுண்ணக்கட்டியைப் பொத்திப் பிடித்த கையை உயர்த்தியபடி கணக்குச் சொன்னேன். எல்லோரும் எழுதினார்கள். தெய்வானை எழுதிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். சிலேட்டு மடியில். அசைவில்லை. கையை இறக்கினேன், எழுதத் தொடங்கினாள். அடுத்த கணக்குக்குக் கையை உயர்த்தினேன். மறுபடி நிறுத்தினாள்.

கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். பிரம்பால் இரண்டு. அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெ.வா.வைப் பற்றி எழுதுகிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும். நானும் அடித்தேன்.

19-2-38, சனி

மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. அக்கரைக் கடைக்குப் போகத் துறையில் காலையிலேயே காத்திருந்தேன். வாவி தட்டையாகக் கிடந்தது, காற்றே இல்லை. கரையோரமாக ஒரு சின்னத் தோணி. முன்னால் மூத்ததம்பி, வீச்சுவலை தோளில். பின்னால் நின்று கம்பு ஊன்றுவது தெய்வானை.

அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒரு சொல் இல்லை. இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால். விரல்கள் விரிந்தால் தோணி மெதுவாகும். இரண்டு விரல் சாய்ந்தால் அந்தப் பக்கம் திரும்பும். கை மூடியது. தோணி நின்றது. வெட்டி வைத்தது போல நின்றது. பிறகுதான் வலையை இரண்டு கையாலும் எடுத்து வீசினார்.

மூடிய கை. நில்.

சுண்ணக்கட்டியைப் பொத்தி நான் உயர்த்திய கை.

கரைக்கு வந்ததும் கேட்டேன். மூத்ததம்பிக்கு ஒரே பெருமை.

"தோணியில கதைச்சா மீன் கலைஞ்சு போயிரும் டீச்சர். என்ட பொடியன்மாருக்கு வாய் சும்மா இரிக்காது. இவள் காய்ச்சல் வந்து எழும்பினதில இரிந்து தங்கமான புள்ள. கூப்பிட்டாலும் வாய் திறக்கமாட்டாள்."

கூப்பிட்டாலும். நான் பிள்ளையின் முதுகுப் பக்கம் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கம்பிலிருந்த பாசியை வழித்துக்கொண்டிருந்தாள். உரத்துக் கூப்பிட்டேன். துறையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாசியை வழித்தாள். மூத்ததம்பி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தானும் கூப்பிட்டார். மீன் பறியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். பிறகு அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

காய்ச்சல் வந்து இரண்டு வருடம். தகப்பன் அடக்கம் என்று நினைத்தார். பள்ளி மண்டையில்லை என்று நினைத்தது. காது என்று ஒருவரும் நினைக்கவில்லை. தோணியில் பேசாதது நல்ல பிள்ளைக்கு அடையாளம். வகுப்பில் பேசாதது மக்குக்கு அடையாளம்.

மண்ணெண்ணெய் வாங்க மறந்துபோனேன்.

21-2-38, திங்கள்

பெ.வா.விடம் சொன்னேன். என் முகம் தெரிந்தால் அவள் வாயசைவைப் பார்த்தே எழுதுவாள், முன்வாங்கில் இடம் வேண்டும் என்றேன். காது கேளாததுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்டார். பாய்ப் பிள்ளையை வாங்கில் இருத்தினால் போடியார் நாளைக்கே படலையைத் திறந்துகொண்டு வருவார் என்றும் சொன்னார். இதுதான் உண்மையான காரணம். சண்டை போட்டேன். கடைசியில் மூன்றாம் திகதி வரை தவணை.

"தேறாட்டி அந்தப் பேர நீங்கதான் வெட்டவேணும். உங்கட கையால."

ஓம் என்றேன்.

மாலை முழுக்கத் தலையிடி. பிள்ளையை முன்னால் கொண்டுவர விடமாட்டார். சரி. பலகையைப் பின்னால் கொண்டுபோனால்?

22-2-38, செவ்வாய்

கொண்டுபோனேன். நானும் இரண்டு பெரிய பெட்டைகளுமாகத் தூக்கினோம். பலகை இப்போது பின்சுவரில். வாங்குப் பிள்ளைகள் திரும்பி இருந்தார்கள். பாய்தான் முன்வரிசை. ஒரு பிள்ளையையும் இடம் மாற்றவில்லை. வழக்கம் அப்படியே இருக்கிறது. எல்லா வகுப்புக்கும் ஒரே மண்டபம்; பெ.வா. மறுகோடியில் தன் வகுப்பிலிருந்து பார்த்தார். திட்ட வாயெடுத்தார். வெற்றிலை விடவில்லை.

இன்றைக்குச் சிரித்தது போல் இந்த ஊரில் நான் சிரித்ததில்லை.

25-2-38, வெள்ளி

குடைத்துணி கிழிந்தது. தைக்க வேண்டும்.

தெய்வானையும் நானும் சேர்ந்து உண்டாக்கியவை:
மூடிய கை – நில், என்னைப் பார்.
வலை வீசுவது போல் விரித்தால் – கூட்டு.
வலையை நெஞ்சுக்கு இழுத்தால் – கழி.
கம்பு ஊன்றினால் – பெருக்கு.
மீனைப் பங்கு வைத்தால் – பிரி. (இது அவளுடையது. என்னுடையதை விட நல்லது.)

வகுப்பு முழுவதும் பிடித்துக்கொண்டது. போடியார் மகள் பாயில் இருந்த இன்னொருத்தியிடம் கேட்டது காதில் விழுந்தது: "எனக்கும் ஒருக்காக் காட்டன்கா, இழுக்கிறத." கேட்டுவிட்டுத் தானும் பாயில் இறங்கி இருந்துவிட்டாள்.

பிரம்பு எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடவில்லை.

3-3-38, வியாழன்

பள்ளிக்குப் போனபோது பலகை பழைய இடத்தில். பெ.வா. நேரத்தோடு வந்து ஆள் வைத்து மாற்றியிருக்கிறார். பாய் மறுபடி கடைசி.

வித்தியாதரிசி காரில் வந்தார். கோட்டு, தொப்பி, கறுப்புச் சப்பாத்து. சொல்வதெழுதலுக்கு உலாவிக்கொண்டே வாசித்தார். அவர் முகம் பாய்ப் பக்கம் திரும்பியபோதெல்லாம் தெய்வானை எழுதினாள். பத்துச் சொல்லில் ஐந்து. மனக்கணக்கு மிச்சம்.

நான் சுவரோரமாகப் பின்னால் போய் அவர் சொன்ன கணக்கைக் கையால் காட்டினேன். கண்டுவிட்டார். விடை காட்டுகிறீர்களா என்று கேட்டார். பெ.வா. தலையைக் குனிந்துகொண்டார், மீசைக்குக் கீழே சந்தோசம். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: காய்ச்சல், காது, தோணி, கை. நம்பாத முகத்தோடு கேட்டார். பிறகு ஒவ்வொரு சைகையாகக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"நீங்கள் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கணக்கை நான் காட்டுகிறேன்."

நின்றேன். மூக்குக்கு முன்னால் சுண்ணாம்புச் சுவர். வகுப்புக்கு முதுகு. ஒன்றும் தெரியவில்லை. சப்பாத்துச் சத்தம் நின்றது. சிலேட்டில் குச்சி கீறுவது. நின்றது. "ம்." மறுபடி கீறல். "ம்." மூன்றாவது தடவை கீறலே இல்லை. என் கையால் வெட்டப் போகும் பெயரை மனதில் எழுதிப் பார்த்தேன்.

"அம்பத்தாறு!"

அவள் குரல். கேளாதவர்கள் பேசுவது போல அளவில்லாமல், மண்டபம் அதிர. ஐந்து மாதத்தில் நான் கேட்ட முதல் சொல்.

திரும்பலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. திரும்பினேன். வித்தியாதரிசி பாய்க்கு முன்னால், கோட்டோடு, குந்தியிருந்தார். ஏழு ஐந்தும் இரண்டுமாக, எட்டு ஐந்தும் மூன்றுமாகக் காட்டிய ஒரு கையின் விரல்கள் இன்னும் மடங்கவில்லை. மற்றக் கை கம்பு ஊன்றியபடி. அவள் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பெயர் என்ன என்றார்.

"தெய்வானை. மூத்ததம்பிர மகள்."

தேறினாள் என்று எழுதினார். நான் தோளுக்கு மேலால் பார்த்தேன். எழுதினார்.

சத்தம் போடக் கூடாது என்பது பெ.வா.வின் கட்டளை. போடவில்லை. பாயில் ஒரு கை வலை வீசியது. பிறகு வாங்கில் ஒன்று. பிறகு எல்லாம். மண்டபம் முழுக்க வலை விரிந்தது, ஒரு சின்னச் சத்தம் இல்லாமல். வித்தியாதரிசி தொப்பியை எடுக்க மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்தார்.

4-3-38, வெள்ளி

மூத்ததம்பி இரண்டு பெரிய மணலை மீன் கொண்டுவந்து தந்தார். கையை நெஞ்சுக்கு இழுத்தார். கழி என்று அர்த்தமில்லை என்று நினைக்கிறேன்.

இடாப்பில் சிவப்புப் புள்ளிக்கு மேல் என் கறுப்பு மை. தடிப்பாக.

7-3-38, திங்கள்

வெயில். தேறியவர்கள் நான்காம் வகுப்புக்குப் போனார்கள். நான்காம் வகுப்பு பெ.வா.வின் வகுப்பு. அங்கும் வாங்கு, அங்கும் பாய். தெய்வானை புதுச் சட்டையோடு பாயில். பெ.வா. பலகையில் திகதி எழுதிக்கொண்டே பாடம் சொன்னார். முதுகு.

என் வகுப்பை விட்டுவிட்டு நேரே போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"ஐயா, வெத்திலயத் துப்பிப்போட்டு இஞ்சால திரும்பிப் படிப்பியுங்க. இண்டைக்கே."

தெய்வானை என் வாயையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் திகதியை எழுதி முடித்தார். கீழே ஒரு கோடு இழுத்தார். அடுத்த வரியைத் தொடங்கினார்.