கதவுக்குள் அரை இஞ்சு

1984 ஆடி, செவ்வாய் இரவு

சாயங்காலம் டாக்சிக்காரன் சுடலை என் ரேடியோ கடைக்கு வந்தான். கோபித்துக்கொண்டு வாசுதேவநல்லூரில் அப்பா வீட்டில் இருக்கும் மனைவியைக் கூட்டிவரக் கிளம்பியிருந்தான். அவளுக்குப் பாட்டு என்றால் உயிர். அதனால் அம்பாசடரின் முன்கதவுகளில் ஸ்பீக்கர் வேண்டுமாம்.

மாட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். ஸ்பீக்கரின் காந்தத்தில் இடித்து நின்றுவிட்டது. ஸ்பீக்கருக்கு அடியில் அரை இஞ்சுக்கு மர வளையம் கொடுத்தால்தான் காந்தம் கண்ணாடியை விட்டு விலகும். கையில் பிளைவுட்தான் இருந்தது.

"ஏலே, சாரல் தண்ணி கதவுக்குள்ள இறங்குதுல்லா. பிளைவுட் ஊறி உப்பிரும், ஒரு மாசம் தாங்காது. தேக்குல வெட்டித் தாரேன், நாளைக்கு வா."

"நாளைக்கு அவ அண்ணன் அவள திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான். ஒரு மாசம் போதும் அண்ணாச்சி. இன்னைக்கு அவ ஏறுனாப் போதும்."

பிளைவுட்டையே வட்டமாக அறுத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். ஈரம் காயுமுன்னே மாட்டச் சொல்லி, மாட்டியதும் ஓட்டிப் போனான்.

கடை சாத்தும்போது கார் திரும்பி வந்தது. பாட்டுச் சத்தமே இல்லை. அவள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கிட்டே வந்ததும் பார்த்தேன். முன்சீட்டில் அவள் கையை ஆட்டி ஆட்டி அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தான்.