பூச்சி பறக்குது என்றாள்

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே அனல். ஸ்கூட்டர் பஞ்சர். முகூர்த்த நாள், காந்தி ரோடு முழுக்கப் புடவை எடுக்க வந்த கார்கள். துறைக்குப் போய்ச் சேரப் பத்தே கால்.

யாஸ்மின், என்னிடம் ஆய்வு செய்யும் பெண், வாசலிலேயே நின்றிருந்தாள். "மேடம், இந்தக் கால் ஒண்ணு கேளுங்க."

கர்ப்பிணிகளுக்காக எங்கள் பல்கலைக்கழகம் நடத்தும் போன் லைன். எடுத்துப் பேசுவது ஏ.ஐ. அது தப்பாகச் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அது மட்டும்தான் என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமைப் பதிவு. தாமலில் இருந்து கவிதா. எட்டாம் மாதம். "ரெண்டு நாளா தலை இடிச்சுக்கினே இருக்குதுமா. கண்ணு முன்னால பூச்சி பூச்சியா பறக்குது."

பதில், அந்த இனிமையான குரலில்: "வீட்டிற்குள் பூச்சிகள் வராமல் ஜன்னலுக்கு வலை அடிக்கவும். தலைவலிக்கு ஓய்வு எடுக்கவும்."

ரத்தக் கொதிப்பு ஏறினால் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருக்க வேண்டும்.

கவிதா வீட்டுக்கு யாஸ்மின் போன் போட்டு விசாரித்துவிட்டாள். சனிக்கிழமை வலிப்பு. அரசு மருத்துவமனை. ஆபரேஷன். தாய் பிழைத்தாள். குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டியில்.

மாலை வீடு திரும்பும்போது தோசை மாவு வாங்க மறந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

சோதனைப் படிவத்தைத் தேடி எடுத்தேன். ஏழாவது வரி: 'வட்டாரப் பேச்சு: சோதிக்கப்பட்டது.' பக்கத்தில் டிக். கீழே என் கையெழுத்து.

சோதிக்கவில்லை. லைன் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு யாஸ்மின் கேட்டாள், "தாமல், வாலாஜாபாத் பக்கம் போய் நாலு பேரைப் பேச வச்சுப் பாத்துரலாமா மேடம்?" அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றேன். சோதனை வாக்கியங்கள் எல்லாம் நானே எழுதியவை. 'எனக்குப் பார்வை மங்கலாக உள்ளது.' யார் இப்படிப் பேசுகிறார்கள்? நானே பேசுவதில்லை.

மாலை ஆஸ்பத்திரி. கவிதா உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, இடது கண் இன்னும் மங்கல். பல்கலைக்கழகத்தில் இருந்து வருகிறேன் என்றதும் எழப் பார்த்தாள். பக்கத்தில் மாமியார்.

"இவளுக்குச் சொல்லத் தெரியலமா. பூச்சி கீச்சின்னு என்னமோ உளறிக்கினு இருந்துருக்கா. மிஷினு என்னா பண்ணும்?"

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் மேடம் சரியா சொல்லல."

வாயைத் திறந்தேன். "உடம்பைப் பாத்துக்கோங்க" என்றுதான் வந்தது. ஆப்பிள் பையை வைத்துவிட்டு இறங்கினேன். ஓடாத குறை.

ஜூன் 4, புதன்

துறைத்தலைவரிடம் எல்லாம் சொன்னேன். லைனை நிறுத்தச் சொன்னேன்.

"திருத்திட்டு ஓட விடுங்கம்மா. 'பேசினவர் தெளிவா சொல்லல'ன்னு ரெக்கார்டுல போட்டுக்கலாம். எந்தக் கம்பெனிக்காரன் இதெல்லாம் வெளியில சொல்றான்?"

"நாம கம்பெனி இல்ல சார். கவர்மென்ட் யுனிவர்சிட்டின்னுதான் அந்தப் பொண்ணு நம்பிப் போன் பண்ணுச்சு. இதே மாதிரி மிஷினை இன்னும் எத்தனையோ பேர் செய்யறாங்க. எங்க தப்பு நடந்துச்சுன்னு நாமளே எழுதலைன்னா யாரு எழுதுவா?"

வீரம் ஒன்றுமில்லை. டிக் போட்டவளே நான்தானே.

"உங்க பேரும் வரும்மா."

"தெரியும் சார்."

லைனை நிறுத்தச் சம்மதித்தார். அறிக்கையைப் பற்றிப் பேச்சே இல்லை. நானே எழுதினேன். முதல் வரி: 'சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டது நான்.' கவிதாவின் பெயர், ஊர் எதுவும் இல்லை. பகல் மூன்று மணிக்கு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பியாயிற்று.

பிறகு நானும் யாஸ்மினும் பழைய அழைப்புகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு கேட்டோம். "வவுறு கல்லாட்டம் இருக்குது" என்று ஒருத்தி. வயிறு இறுகிப்போனதைச் சொல்லியிருக்கிறாள்; மிஷின் அரிசியில் கல் பொறுக்கச் சொல்லியிருக்கிறது. அவளுக்கு உடனே போன் செய்தோம். வாலாஜாபாத். நலமாக இருக்கிறாள். போனை வைத்தபின் யாஸ்மின் அழுதுவிட்டாள். நான் மிச்ச அழைப்புகளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

மறுபடி ஆஸ்பத்திரி. வெறுங்கையோடு. கவிதா தனியாக இருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன்.

"நீங்க சொன்னது சரி. மிஷினுக்குத்தான் புரியல. அதுக்குப் புரியுதான்னு பாக்க வேண்டியது என் வேலை. நான் பாக்கல. பாத்தேன்னு கையெழுத்து போட்டுட்டேன்."

எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் சரியாத்தான் சொன்னேனா?"

"சரியாத்தான் சொன்னீங்க."

"அன்னைக்கே வந்திருந்தா, கொழந்தை பெட்டியில கெடந்திருக்காதா?"

தெரியாது என்று சொல்ல நினைத்தேன். "கெடந்திருக்காதுன்னுதான் தோணுது" என்றேன்.

திட்டவில்லை. அழவில்லை. "எங்க அத்தை டீ வாங்கப் போயிருக்குது. அஞ்சு நாளா என்னைத்தான் சொல்லிக்கினு இருக்குது. வந்ததும் அது கிட்டயும் சொல்லுங்க. என் கிட்ட சொன்ன மாதிரியே." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வராந்தா பெஞ்ச். மணி நாலு. அவர் வரும்வரை இதை எழுதுகிறேன். பிளாஸ்க்கோடு மாமியார் படியேறி வருகிறார்.