செவலைக்கும் சரசுவின் அவரைக்கும் ஒரு வேலி

12.9.79 புதன்

விடியலில் தூறல். பிறகு நல்ல வெயில். கொல்லிமலை உச்சியில் மட்டும் மேகம்.

விடியும்போது மூன்று புள்ளிமான்கள் தோட்டத்துக்குள். போன மாதம் கட்டிய நாலு வரி முள்கம்பியை ஒரே தாவலில் தாண்டிவிட்டன. அவரைக் கொழுந்து பாதி காலி. நான் கத்தியதும் அவை ஓட, வெளியே மேய்ந்துகொண்டிருந்த குதிரை செவலை மிரண்டு நேரே கம்பியில் மோதிவிட்டது. மார்பில் ஒரு சாண் கிழிசல். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். அசையாமல் நின்றது. பாவம்.

சரசு அழுதாள். அவரைக்கா குதிரைக்கா, தெரியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் படுக்கையை விட்டு எழுந்ததே அந்தத் தோட்டத்துக்காகத்தான்.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுங்கா ஒரு வேலி போடுங்க. இல்லீனா மாரப்பன் வாரப்ப குதிரைய ஓட்டிட்டுப் போகச் சொல்லீருங்க. ரத்தத்தைப் பாக்க என்னால ஆகாது."

செவலை மாரப்பனின் ஜட்காக் குதிரை. அவன் ஓட்டிப்போனால் செங்கல் சூளைக்குத்தான். சூளைக்காரர் மண்வண்டி இழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். ஜட்காவுக்கு ஆள் ஏறாமல் போய், மாரப்பன் இப்போது சங்ககிரியில் லாரி பட்டறையில் வேலை. குதிரையை வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. நான்தான் வலியக் கேட்டு வாங்கி வந்தேன். ஆடி மாதம், பஸ் ஓடாத அன்று, வயிற்றுவலியில் சுருண்டு கிடந்த சரசுவை ஜட்காவில் எட்டு மைல் நிற்காமல் இழுத்துப்போய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டது இதே செவலை. அரை மணி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் சரசுவிடம் இன்னும் சொல்லவில்லை.

13.9.79 வியாழன்

வெயில். புண் காய்கிறது. ஈ மொய்க்கிறது, துணி கட்ட வேண்டும்.

யோசித்தவை:
முள்கம்பி – குதிரைக்கு ஆகாது. மெல்லிய கம்பி அதன் கண்ணில் படுவதே இல்லை. கரும்பலகையில் பொடி எழுத்தாக எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சுப் பையனைத் திட்டுவது மாதிரி. தப்பு எழுதியவன்மேல்.
மூங்கில் – கரையான்.
கல்சுவர் – கைக்கு எட்டாது.
கிளுவை – குச்சி நட்டால் மழைக்குத் துளிர்த்துவிடும். குதிரைக்குக் கண்ணில் படும், கம்பி மாதிரி கிழிக்காது. ஆனால் இடுப்புயர வேலி மானுக்கு எந்த மூலை?

முடிவு: கம்பியை ஒட்டியே வெளிப்புறம் கிளுவை. இரண்டும் சேர்ந்தால் மானும் தயங்கலாம், செவலைக்கும் கண்ணில் படும். வேலி கட்டும் கருப்பண்ணனிடம் சொல்லியாயிற்று.

14.9.79 வெள்ளி

நாமக்கல் போய்ப் பென்ஷன் வாங்கித் திரும்ப மாலை நாலு மணி. வேலி முடிந்திருந்தது. நேராக, நெருக்கமாக, அழகாக. ஆனால் கம்பியை ஒட்டி அல்ல. எட்டடி தள்ளி!

"ஒட்டி நடச் சொன்னேனே கருப்பண்ணா?"

"அதெப்படிங் சாமி? வேலிக்கும் வேலிக்கும் நடுவுல இட்டேரி உடாம ஆராச்சும் நடுவாங்களா? நாளைக்கு வண்டி எப்படிப் போகும்?"

"என் தோட்டத்துக்குள் யார் வண்டி வரப்போகிறது?"

"வண்டி வராதுங். அதுக்காக இட்டேரி உடாம இருக்க முடியுமுங்களா?"

முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவனுக்கே பாடம். பிடுங்கி நட ஆளில்லை, நாளைக்கு ஒருநாள்தான் பாக்கி. சரசு சிரித்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

வேறு வழியில்லாமல் செவலையை அந்த இட்டேரிச் சந்துக்குள்ளேயே விட்டு இரண்டு முனையையும் படல் வைத்து அடைத்தேன். முள்கம்பியை இறக்கிவிட்டு வெறுங்கம்பி. அது குதிரையின் கண்ணில் படவேண்டுமே என்று துணி கேட்டேன். சரசு ஒரு பச்சைச் சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கட்டியிருந்தது.

15.9.79 சனி

விடியலில் மறைந்து நின்று பார்த்தேன். ஐந்து மான். கிளுவையருகே வந்தன. தலை தூக்கின. முதல் வேலிக்கு அப்பால் குதிரை, அதற்கு அப்பால் இன்னொரு வேலி. தாண்டினால் எங்கே கால் ஊன்றுவது? பள்ளிச் சுவரேறும் பையனும் குதிக்குமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் குதிப்பான். கொஞ்ச நேரம் நின்றன. செவலை செருமியது. திரும்பிப் போய்விட்டன.

அவரையில் ஒரு கொழுந்து குறையவில்லை. கருப்பண்ணனுக்குப் புது வேட்டி எடுக்க வேண்டும். அவன் சரியாகச் செய்திருந்தால் இது நடந்திருக்காது.

16.9.79 ஞாயிறு

மேகமூட்டம். பத்து மணிக்கு மாரப்பன் வந்தான். செவலை சந்தின் அந்த முனையிலிருந்து கனைத்துக்கொண்டே ஓடி வந்தது. அவன் புண்ணைத் தடவிப் பார்த்தான். பச்சைச் சேலைத் துண்டு ஒன்றை அது மென்றுகொண்டிருந்தது.

"சூளைக்காரரு வெளிய நிக்கிறாருங் வாத்தியாரே. என்னங் சொல்லட்டும்?"

நான் சரசுவைப் பார்த்தேன். அவள் அவரைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ஏப்பா மாரப்பா, இதுக்குக் கொள்ளு ஊறவெச்சுப் போடோணுமா, வேகவெச்சா?"

அவன் செவலையின் பிடரியைப் பிடித்துக்கொண்டான்.

"வே... வேகவெச்சுங்க்கா."

"உப்பு?"

"ஒரு சிட்டிகைங்க்கா."

பெரிய பானை ஒன்று வேண்டும். நாளை சந்தையில்.