நாற்பத்தொரு நொடி அமைதி யாருக்குச் சொந்தம்?

அனுப்புநர்:
மரிவிக் தும்லாவ் (வயது 48),
முன்னாள் ஆவணக் காப்பாளர், லகுண்டி ஒலிக்கூடம்,
கமூனிங், கேசோன் சிட்டி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பதிப்புரிமைப் பிரிவு,
அறிவுசார் சொத்துரிமை அலுவலகம்,
மணிலா.

பொருள்: ஒலிக்கோப்பு எண் 2207 மீதான உரிமைக் கோரிக்கையால் திருமதி ஒஃபேலியா பங்கிலினானின் கதை அலைவரிசை மார்ச் 14 அன்று நீக்கப்படவிருப்பதை நிறுத்திவைத்து, கோரிக்கையைச் சமரச விசாரணைக்கு எடுக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நூலகவியல் படித்தவள். லகுண்டி ஒலிக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் ஆவணங்களைப் பராமரித்தேன். மெக்சிகோ, கொரியத் தொலைக்காட்சித் தொடர்களை எங்கள் தகாலோகு மொழியில் பேச வைப்பது எங்கள் கூடத்தின் வேலை. இந்த மனு எனக்காக அல்ல. அங்கே முப்பது ஆண்டுகள் குரல் கொடுத்த ஒஃபேலியா பங்கிலினானுக்காக எழுதுகிறேன். நாங்கள் அவரை ஒஃபீ அக்கா என்போம். அவருக்கு நேர்ந்திருக்கும் இடைஞ்சலுக்கு என் கையெழுத்தே காரணம் என்பதையும் தொடக்கத்திலேயே பதிவு செய்கிறேன்.

2. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேசி முடித்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் அமைதியை மட்டும் தனியாகப் பதிவு செய்வோம். வசனங்களுக்கு நடுவே ஒலியே இல்லாமல் விட்டால் கேட்பவருக்குக் கருவி பழுதானதுபோலத் தோன்றும். அந்த இடைவெளிகளில் இந்த அமைதியை வைத்து நிரப்புவோம். எங்கள் கூடமோ சாலையோரம். நல்ல அமைதி கிடைப்பது அரிது.

3. 2011இல் ஜீப்னி எனும் சிற்றுந்துகளின் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த நாளில் தெரு ஓய்ந்து கிடந்தது. ஒலிப்பதிவாளர் ரெனாத்தோ கிலாய் பாதி வசனத்தில் பதிவை நிறுத்தி, "எல்லாரும் அப்படியே நில்லுங்க. மூச்சு விட்டுக்கங்க, மூக்கை மட்டும் உறிஞ்சாதீங்க. இந்த மாதிரி தெரு இனி எப்பக் கெடைக்குமோ!" என்றார். ஒஃபீ அக்காவும் நானும் உட்பட ஐந்து பேர் நின்றோம். நாற்பத்தொரு நொடிகள் கிடைத்தன. அதன்பின் நாங்கள் செய்த அத்தனை தொடர்களிலும் அந்த ஒரே அமைதியைத்தான் பயன்படுத்தினோம். ரெனாத்தோ 2021இல் காலமானார்.

4. ஒஃபீ அக்கா 2019 முதல் தாமே எழுதிய சிறுவர் கதைகளை வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்து, காணொளித் தளம் ஒன்றில் தம் அலைவரிசையில் வெளியிட்டு வருகிறார். இதுவரை 214 கதைகள். ரெனாத்தோ அவருக்கு அந்த அமைதியின் பிரதியைக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் இருபது நொடி அது தனியாக ஒலிக்கும். பிறகு குரலுக்கு அடியிலும் ஓடும். அதற்கு அக்கா சொல்லும் காரணம்: "சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுறோமில்ல? கதைக்கு முன்னாடி காதைக் கழுவணும்." தார்லாக்கில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் தினமும் மதிய உணவுக்குப் பின் இக்கதைகளைப் போடுகிறார்கள். அங்கே ஒரு கதையைக் கேட்ட சிறுமி, "அத்தை, எருமை ஜீப்னில கடைசி சீட்டுல உக்காந்துச்சே, டிரைவருக்குக் காசை யார் கையில குடுத்து அனுப்புச்சு?" என்று கேட்டுக் குரல்பதிவு அனுப்பினாள். அதற்குப் பதிலாகவே அக்கா இன்னும் மூன்று கதைகள் செய்தார்.

5. 2022இல் கூடத்தின் ஒலித் தொகுப்பு முழுவதும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. விற்பனைப் பட்டியலைத் தயாரித்தவள் நான். மொத்தம் 3,816 கோப்புகள். எதையும் பட்டியலுக்கு வெளியே விடக்கூடாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். தொடர்களை மட்டும் எழுதியிருந்தால் போதும். நான் அமைதியையும் எழுதினேன். "எண் 2207. தலைப்பு: அமைதி, நல்லது. நீளம்: 41 நொடி. உள்ளடக்கம்: ஏதுமில்லை." கீழே கையொப்பமிட்டேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று அன்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

6. வாங்கிய நிறுவனம் பட்டியலிலிருந்த அனைத்தையும் காணொளித் தளத்தின் தானியங்கி ஒப்பீட்டு முறையில் தன் சொத்தாகப் பதிந்துவிட்டது. அதே அமைதி ஒலிக்கிறது என்ற காரணத்தால், கடந்த நவம்பர் முதல் அக்காவின் கதைகள் ஒவ்வொன்றாக முடக்கப்படுகின்றன. மூன்று முறை ஆட்சேபித்தோம். இரண்டு முறை இயந்திரம் பதில் அனுப்பியது. மூன்றாவதாக வந்தது வழக்கறிஞரின் கடிதம்; என் பட்டியலின் அந்தப் பக்கத்தையே அதில் இணைத்திருந்தார்கள். அலைவரிசை மார்ச் 14 அன்று முற்றாக நீக்கப்படும் என்று தளம் அறிவித்துள்ளது. கதைகளின் பிரதிகள் எங்களிடம் உள்ளன. ஆனால் எங்கே ஏற்றினாலும் சில நிமிடங்களில் பிடிபடுகின்றன. குரலையும் அமைதியையும் இனிப் பிரிக்க முடியாது. தனித்தனிப் பதிவுகளை அக்கா வைத்துக்கொள்ளவில்லை.

7. மறுபடி பேசிப் பதிவு செய்யலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். ஒஃபீ அக்காவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். மார்ச் 19 அன்று குரல்வளையை முழுவதுமாக அகற்றுகிறார்கள். இப்போதே அவரால் நான்கு வரிக்கு மேல் பேச முடிவதில்லை.

8. பட்டியல் விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முப்பது வருஷம் நான் பேசுனதுக்கு வெல வச்சாங்க. இப்ப நான் வாயை மூடிட்டு நின்னதுக்கும் வெல வச்சிருக்காங்க. மரிவிக், நான் பெரிய ஆளாயிட்டேன்டி" என்று சிரித்தார். பிறகு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். சென்ற வாரம் ஒரு தாளில், "தார்லாக் பிள்ளைங்க சாப்பிட்டப்புறம் என்ன கேப்பாங்க?" என்று எழுதிக் காட்டினார்.

9. அந்த நிறுவனம் ஏமாற்றுகிறது என்று நான் கூறவில்லை. பட்டியலில் கண்டதை வாங்கினார்கள், வாங்கியதைக் காக்கிறார்கள். ஒலிப்பதிவு எதுவாயினும் அதைத் தயாரித்தவருக்கு உரிமை உண்டு என்று அவர்கள் வாதிட இடமிருப்பதையும் அறிவேன். ஆனால் அந்த அறையில் நின்ற எவரும், நின்றதை ஒரு படைப்பு என்று நினைக்கவில்லை. தையற்காரர் நூல்கண்டை வைத்திருப்பதுபோல அதை வைத்திருந்தோம். எங்கள் கூடத்திலிருந்து பிரிந்து சிறு ஒலி நிறுவனங்கள் தொடங்கிய இருவரும் இதே நூலால் தைத்தவர்கள்தாம். அவர்களுடைய பதிவுகளும் இப்போது முடங்கத் தொடங்கியுள்ளன.

10. எனவே, இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கவும், விசாரணை முடியும்வரை அலைவரிசையை நீக்க வேண்டாமென்று தளத்துக்கும் நிறுவனத்துக்கும் கடிதம் அனுப்பவும் வேண்டுகிறேன். எண் 2207 வேலைக்கான மூலப்பொருளே, படைப்பு அல்ல என்ற என் உறுதிமொழிப் பத்திரத்தை இணைத்துள்ளேன். இழப்பீடு எதுவும் கோரவில்லை. பட்டியல் பிழைக்கு என் மீது நடவடிக்கை தேவையென்றால் அதை ஏற்கிறேன்.

11. ஒரு வேண்டுகோள் மிச்சமுள்ளது. இணைத்துள்ள கோப்பைத் தாங்களே ஒருமுறை காதொலிக் கருவி அணிந்து கேட்க வேண்டும். முப்பத்து நான்காம் நொடியில், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருவர் மூக்கால் மெல்ல மூச்சு விடுவது கேட்கும். அது ஒஃபீ அக்கா. மார்ச் 19க்குப் பிறகு அவர் கழுத்திலிடும் துளை வழியாகத்தான் சுவாசிப்பார் என்று மருத்துவர் கூறியுள்ளார்.

அந்த நாற்பத்தொரு நொடியில் ஏதுமில்லை என்று தாங்கள் கருதினால், அதில் எவரும் சொந்தம் கொண்டாட ஒன்றுமில்லை. ஏதோ இருக்கிறது என்று கருதினால், அது அவருடைய மூச்சு. அதை அவர் எந்தத் தாளிலும் கையெழுத்திட்டுக் கொடுக்கவில்லை. கையெழுத்திட்டவள் நான் மட்டுமே.

மார்ச் 14க்கு முன் தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மரிவிக் தும்லாவ்

இடம்: கேசோன் சிட்டி
நாள்: 3 மார்ச் 2025

இணைப்பு: விற்பனைப் பட்டியலின் 88ஆம் பக்கம்; வழக்கறிஞர் கடிதத்தின் நகல்; உறுதிமொழிப் பத்திரம்; மருத்துவச் சான்று; ஒலிக்கோப்பு, 41 நொடி.