தம்பி வழுக்கி விழவில்லை

மார்ச் 4
காலையில் தையல்காரர் போய்விட்டார். முப்பத்தாறு வயது. தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை. துணி வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டாராம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்த வருஷம் ஐந்தாவது ஆள். தண்ணீர் என்கிறார்கள், காற்று என்கிறார்கள். டாக்டர்களுக்கே பிடிபடவில்லை. சாமி, உனக்காவது தெரியுமா?

மார்ச் 7
ஆஸ்பத்திரி நர்ஸ் வீடு வீடாக வருகிறாள். "உங்க வீட்ல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களாம்மா?"

இல்லை என்றேன்.

உள்ளே இருந்த சிட்டுவைக் காட்டினாள். "இந்தப் பொண்ணோட அப்பா?"

"என் தம்பி. குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்து தலையில அடி."

பதினெட்டு வருஷமாகச் சொல்லி வாய் பழகிவிட்டது. அவன் எங்கே வழுக்கினான்? நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன். அதைச் சொன்னால் நோய்க் குடும்பம் என்பார்கள். நான் வளர்த்த பிள்ளையை யார் கட்டுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பண்ண வருகிறார்கள்.

மார்ச் 8
தினமும் ஒரு மணி நேரம் சாமியோடு வம்பளப்பேன். இன்று விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 9
ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் போல சிட்டுவுக்கும் இ.சி.ஜி. எடுத்தார்கள். நர்ஸ் தாளை இரண்டு தரம் பார்த்தாள். "லேசா வித்தியாசம் இருக்கு. குடும்பத்துல யாருக்கும் இல்லைங்கறீங்க, அடுத்த மாசம் மறுபடி பாக்கலாம்."

சிட்டு சொல்கிறாள், "உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டே என் நெஞ்சு இப்படி ஆயிருக்கும், அத்தை."

எனக்குச் சிரிப்பு வரல. அடுத்த மாசம்னு ஒண்ணு அவளுக்கு இருக்கணுமே. சொன்னா கல்யாணம் போச்சு. சொல்லலைன்னா — அதை எழுத மாட்டேன்.

மார்ச் 10
சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், நின்றபடியே. நர்ஸ் திட்டவில்லை. பழைய பதிலை அடித்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். சிட்டுவை உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

"அப்பா கடைசியா என்ன பண்ணிட்டிருந்தாரு?" என்று சிட்டு கேட்டாள். சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 11
இதயத் துடிப்புக் கோளாறாம், ரத்த வழியில் வருவதாம்; டாக்டர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். என்னோடு இன்னும் பேசவில்லை அவள்.

மார்ச் 12
அவர்கள் கிளம்பி வருவதற்கு முன் நானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றவில்லை, எப்படியும் திரும்பத்தானே போகிறோம். எல்லாவற்றையும் வாசலிலேயே கொட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "அந்த நர்ஸ் இன்னிக்கு இருப்பாங்களா? எங்க பெரியவனும் இப்படித் திடீர்னு செத்துப்போனதை, வயித்துவலின்னுதான் வெளியில சொல்லி வச்சிருக்கோம்."

மாப்பிள்ளைப் பையனைக் கூப்பிட்டார். மூன்று பேரும் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினோம்.